ஆறு வாரம் போனால் வராது: சீசனுக்கு முன் ஆங்கிலக் கால்பந்துக் கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2016 ஆகஸ்ட் 13 அன்று இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கின் புதிய சீசன் ஹல் நகரில் தொடங்கியபோது, ஒரு பக்கம் மூன்று மாதங்களுக்கு முன் பட்டம் வென்ற லெஸ்டர் சிட்டி நின்றது. மறுபக்கம், கீழ் அடுக்கிலிருந்து அப்போதுதான் மேலேறி வந்திருந்த ஹல் சிட்டி. ஹல்லின் பயிற்சியாளர் ஸ்டீவ் புரூஸ் ஜூலையிலேயே பதவி விலகியிருந்தார். தற்காலிகப் பொறுப்பேற்ற மைக் ஃபீலனிடம் காயமின்றி இருந்த மூத்த வீரர்கள் 13 பேர் மட்டுமே. முதல் பாதி முடியும் தறுவாயில் ஹல்லின் டியோமாண்டேவும் ஹெர்னாண்டஸும் ஒரே பந்துக்காக ஒரே நேரத்தில் அந்தரத்தில் மல்லாந்து காலை வீச, பந்து வலைக்குள் போனது. ஆட்டத்தை ஹல் 2-1 என்று வென்றது.

அப்படியானால் ஆயத்தமே தேவையில்லையா என்று கேட்கத் தோன்றும். லெஸ்டர் அந்த ஆட்டத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. ஜூலை 30 அன்று கலிஃபோர்னியாவில் பாரிஸ் அணியிடம் 4-0 என்று தோற்றது. நான்கே நாளில், ஒன்பது மணி நேர வித்தியாசத்தைக் கடந்து, ஸ்டாக்ஹோமில் பார்சிலோனாவிடம் 4-2 என்று தோற்றது. ஆகஸ்ட் 7 அன்று வெம்பிளியில், சீசனுக்கு முன் ஒரே ஆட்டமாக நடக்கும் கம்யூனிட்டி ஷீல்டு கோப்பையை மான்செஸ்டர் யுனைடெட்டிடம் இழந்தது. பட்டம் வென்ற அணியின் நடுக்களத்தைத் தாங்கிய கான்டே அதற்குள் செல்சிக்குப் போய்விட்டார். அவர் இல்லாமல் எப்படி ஆடுவது என்று உட்கார்ந்து பழகுவதற்கு வேண்டிய நாள்கள் விமானத்தில் கழிந்தன.

இங்கிலாந்தில் வீரர்கள் ஜூன் இறுதியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ பயிற்சி மைதானத்துக்குத் திரும்புகிறார்கள். லீக் பெரும்பாலும் ஆகஸ்ட் நடுவாக்கில் தொடங்குகிறது. இடையே இருப்பது ஏறக்குறைய ஆறு வாரம். எதையும் பணம் கொடுத்து வாங்கிவிடும் இந்தக் கழகங்களால் வாங்க முடியாத சரக்கு அந்த ஆறு வாரம்தான். நான் இங்கே எடுத்துக்கொள்ளும் தவறுகளில் பெரும்பாலானவை அதை வேறெதற்கோ செலவழித்ததால் வந்தவை.

நட்பு ஆட்டங்களின் முடிவை நம்புவது அவற்றுள் மிகப் பழையது. 2014 கோடையில் லூயி வான் கால் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றதும் மான்செஸ்டர் யுனைடெட் அமெரிக்காவில் எல்.ஏ. கேலக்சியை 7-0 என்று நசுக்கியது. மிச்சிகனில் 1,09,318 பேர் பார்க்க ரியல் மாட்ரிட்டை 3-1 என்று வென்றது. இறுதி ஆட்டத்தில் லிவர்பூலையும் வென்று கோப்பையோடு திரும்பியது. ஆகஸ்ட் 16 அன்று சொந்த மைதானத்தில் ஸ்வான்சியிடம் 2-1 என்று தோற்றது. அடுத்த பத்தாம் நாள், மூன்றாம் அடுக்கில் ஆடிய எம்.கே. டான்ஸிடம் லீக் கோப்பையில் 4-0 என்று வீழ்ந்தது. இதில் வியப்புக்கு இடமில்லை. நட்பு ஆட்டத்தில் இடைவேளையிலேயே பாதி அணி மாறிவிடும். எதிரணியின் பயிற்சி எந்த வாரத்தில் இருக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது. ஒரு பயிற்சியாளர் அங்கே பார்க்க வேண்டியது கோல் கணக்கை விட்டு மற்ற எல்லாவற்றையும்: பந்தை இழந்த மறு நொடியில் யார் திரும்பி ஓடுகிறார், எழுபதாவது நிமிடத்தில் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு இடையே எவ்வளவு வெளி விழுகிறது என்பன போன்றவை.

இந்தச் சுற்றுப்பயணங்களை முற்றாகக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சம்பளப் பட்டியல் அவ்வளவு நீளமாக இருக்கும்போது வரவும் வேண்டும். ஆனால் எங்கே, எந்தத் தரையில் ஆடுகிறோம் என்பதைப் பயிற்சிக் குழுவைக் கேளாமல் முடிவுசெய்வது தவறு. 2016 ஜூலையில் பெய்ஜிங்கில் நடக்கவிருந்த மான்செஸ்டர் அணிகளின் ஆட்டம், மழையில் தரை பாழானதால் அன்றே ரத்தானது. அவ்வளவு தூரம் பறந்து போய், ஓர் ஆட்டப் பயிற்சி வீணானது. செல்சி 2023 ஆகஸ்டில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் டார்ட்மண்டுடன் ஆடியபோது, புதிதாக வாங்கிய என்குன்குவின் முழங்கால் காயமடைந்து, அறுவைச் சிகிச்சை வரை போனது.

அடுத்தது ஆள் சேர்ப்பு. 2012 கோடையில் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் ராபர்ட் கிரீனைக் கோல் கீப்பராகச் சேர்த்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் பிரேசிலின் ஜூலியோ சீசரையும் சேர்த்தது. ஒரே இடத்துக்கு ஒரே கோடையில் இரண்டு பேர் என்றால், ஜூலையில் கையில் திட்டம் இருக்கவில்லை என்றுதான் பொருள். முதல் ஆட்டத்தில் சொந்த மைதானத்தில் ஸ்வான்சியிடம் 5-0 என்று தோற்ற அந்த அணி, லீக்கில் முதல் வெற்றியைக் கண்டது டிசம்பர் 15 அன்று; கடைசியில் 25 புள்ளிகளுடன் அடியில் முடிந்து இரண்டாம் அடுக்குக்குக் கீழிறங்கியது. ஃபுல்ஹம் 2018 இல் 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவழித்து, அதில் ஐந்து பேரை ஆள் சேர்ப்புக் கெடுவின் கடைசி நாளன்று சேர்த்தது. முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அந்த அணி மூன்று பயிற்சியாளர்களைக் கண்டு 26 புள்ளிகளுடன் கீழிறங்கியது. எதிர்வாதமாக நாட்டிங்ஹம் ஃபாரஸ்டைச் சொல்வார்கள்: 2022 இல் இருபதுக்கும் மேற்பட்டோரைச் சேர்த்தும் 38 புள்ளிகளுடன் தப்பியது. உண்மைதான், ஆனால் அக்டோபரில் அணி தத்தளித்தபோது பயிற்சியாளர் ஸ்டீவ் கூப்பரை விரட்டாமல் புதிய ஒப்பந்தம் கொடுத்ததை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

விற்பதிலும் இதே தாமதம் நேர்கிறது. 2023 இல் மேலேறி வந்த ஷெஃபீல்டு யுனைடெட், என்டியாயை ஆகஸ்ட் முதல் நாளும் சாண்டர் பெர்கேவை அடுத்த வாரமும் விற்றது. ஜூலை முழுவதும் அவ்விருவரையும் வைத்துப் பழகிய அணி, அவர்கள் இல்லாமல் களமிறங்கி, 104 கோல் வாங்கி, 16 புள்ளிகளுடன் கீழே போனது.

கடைசி மணி நேரத்தில் கையெழுத்திடும் வழக்கத்தின் விலை என்ன என்பதற்கு ஆட்ரியன் சில்வா ஒருவரே போதும். 2017 ஆகஸ்ட் 31 அன்று லெஸ்டர், டேனி டிரிங்க்வாட்டரைச் செல்சிக்கு விற்று, அவரது இடத்துக்கு லிஸ்பனிலிருந்து சில்வாவை வாங்கியது. ஆவணங்கள் ஃபிஃபாவின் கணினிக்குப் போய்ச் சேர்ந்தபோது கெடு 14 வினாடி தாண்டியிருந்தது. முறையீடு எடுபடவில்லை. போர்ச்சுகல் தேசிய அணியின் ஆட்டக்காரர் நான்கு மாதம் பயிற்சி மட்டும் செய்துவிட்டு, 2018 ஜனவரி முதல் நாள்தான் லெஸ்டருக்காகக் களமிறங்கினார்.

ஆள் கணக்கிலும் ஒரு பொறி உண்டு. பிரீமியர் லீக்கில் ஒரு கழகம் பதிவுசெய்யும் வீரர் பட்டியலில் 25 பேருக்கு மேல் இடமில்லை. அவர்களில் இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இளம் வயதில் பயிற்சி பெறாதவர்கள் 17 பேரைத் தாண்டக்கூடாது. 21 வயதுக்குட்பட்டோர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கூட்டிக் கழித்துப் பார்க்காமல் வாங்கிக் குவித்தால், சம்பளம் வாங்கும் ஒருவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும். ஆர்சனல் 2020 அக்டோபரில் மெசுட் ஓசிலை அப்படித்தான் வெளியே நிறுத்தியது.

உடல் ஆயத்தத்தில் தவறு இரண்டு பக்கமும் இருக்கிறது. விடுமுறையில் இளகிய தசையை முதல் வாரத்திலேயே காலை மாலை என இருவேளை ஓடவிட்டால் தொடைத் தசை கிழியும். வேலையை ஏற்றும் வேகம் படிப்படியாக இருக்க வேண்டும். ஓய்வை நீட்டிவிட்டு வேலையைத் தாமதமாகத் தொடங்கினாலும் கடன் பின்னால் வரும். பட்டம் வென்ற செல்சிக்கு 2015 இல் பயிற்சியாளர் மொரீனியோ விடுமுறையை நீட்டித்தார்; முதல் ஆட்டம் ஸ்வான்சியோடு 2-2, இரண்டாவதில் மான்செஸ்டர் சிட்டியிடம் 3-0 தோல்வி. டிசம்பர் 17 அன்று அவர் நீக்கப்பட்டபோது 16 ஆட்டங்களில் ஒன்பதை இழந்து அணி 16 ஆம் இடத்தில் இருந்தது. முழுப் பழியையும் ஜூலைமேல் போடுவது நியாயமாகாது. உடை மாற்றும் அறையிலும் வேறு பிணக்குகள் இருந்தன.

சட்டையையும் ஜூலையிலேயே மைதான வெளிச்சத்தில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. 1996 ஏப்ரலில் சவுத்தாம்ப்டனில் 3-0 என்று பின்தங்கிய மான்செஸ்டர் யுனைடெட், சாம்பல் நிறச் சட்டையில் சக வீரர்களே கண்ணுக்குப் புலப்படவில்லை என்று சொல்லி இடைவேளையில் நீலமும் வெள்ளையுமாக மாற்றிக்கொண்டு, 3-1 என்று தோற்றது.

ஹல்லின் கதைக்கும் ஒரு பின்பகுதி உண்டு. லெஸ்டரை வென்ற அதே அணி மறுவாரம் ஸ்வான்சியிலும் 2-0 என்று வென்றது. ஆகஸ்ட் கடைசியில் ரயன் மேசன் உள்ளிட்ட சிலரை அவசரமாகச் சேர்த்தார்கள். ஜனவரி 3 அன்று ஃபீலன் நீக்கப்பட்டார். மே மாதம் 34 புள்ளிகளுடன் 18 ஆம் இடத்தில் நின்று ஹல் கீழிறங்கியது.