டப்பாதான் வில்லன்

கடலூரிலிருந்து புதுச்சேரி அக்கா வீட்டுக்குக் காரில் போகும்போதெல்லாம் எங்கள் மணி டாக் ஃபுட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், வீட்டில் அதே மூட்டையிலிருந்து போட்டால் கடகடவென்று தின்னும். கேன் தண்ணீர், கோழிச்சாறு, டாக்டர், எதற்கும் மசியவில்லை. நாலு நாள் வீண்.

கடைசியில், பயணத்துக்கு டாக் ஃபுட்டைக் கொட்டி எடுத்துப்போகும் பிளாஸ்டிக் டப்பாவைக் காலியாக முகர்ந்தேன். அடியில் விரலில் ஒட்டும் பிசுக்கு, பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை. உருண்டைகள் மேல் பூசியிருக்கும் கொழுப்பு பிளாஸ்டிக்கில் படிந்து, டிக்கி சூட்டில் கெட்டு, புதிதாகக் கொட்டியதையும் கெடுத்திருக்கிறது!

இப்போது சின்னப் பையாக வாங்கி, கொட்டாமல் பையோடே காற்றைப் பிதுக்கி, கிளிப் போட்டு எவர்சில்வர் தூக்கில் வைத்து சீட்டுக்குக் கீழே வைக்கிறேன். தூக்கையும் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகுதான் அடுத்த பை. போன வாரம் மணி தட்டையே நக்கிவிட்டது.