மீத்தேன் சி.ஐ. முறையில் சிக்னல் குறைந்தால்: அயனி மூலத்தைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

மீத்தேன் அயனிகள் மாதிரிக்குப் புரோட்டானைத் தந்து அதை அயனியாக்கும் வேதிவழி அயனியாக்க (சி.ஐ.) முறையில் இயங்கும் ஜி.சி.-எம்.எஸ். கருவியில் (ஜி.சி. சேர்மங்களைப் பிரிக்கும், எம்.எஸ். அவற்றின் அயனிகளை நிறைவாரியாக அளக்கும்) உணர்திறன் குறைந்ததும் பலரும் முதல் வேலையாக வெற்றிடத்தை விடுவித்து, மாதிரி அயனியாகும் சிறு அறையான அயனி மூலத்தைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கழற்றிய அந்த நொடியே காற்றும் ஈரமும் உள்ளே புகுந்துவிடுவதால், குறைக்கு உண்மையில் எது காரணம் என்பதற்கான தடயங்களும் அழிந்துபோகின்றன. துடைப்பதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வதே நல்லது.

கோளாறு ஜி.சி. பக்கமா, எம்.எஸ். பக்கமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். எம்.எஸ்.ஸைச் சீரமைக்கப் பயன்படும் டியூனிங் சேர்மமான பி.எஃப்.டி.டி.டி. ஜி.சி.யின் கேப்பிலரிக் குழாய் வழியாக வருவதில்லை. ஆகவே அதன் 267, 599 ஆகிய நிறை எண்களில் தோன்றும் அயனிகளின் சிக்னல் உயரம் பழைய பதிவேட்டில் உள்ளபடியே இருந்தால், ஊசி, செப்டம் (ஊசி துளைத்து நுழையும் ரப்பர் மூடி), லைனர் (மாதிரி செலுத்தும் இடத்தின் உள்குழாய்), குழாயின் முனை ஆகியவற்றைப் பார்த்தால் போதும். ஆனால் தானியங்கி டியூனிங், இலக்கு உயரத்தை எட்டும் வரை சிக்னலைப் பெரிதாக்கும் பெருக்கியின் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும் என்பதால், உயரத்தை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஒப்பிட வேண்டியது ஒரே மின்னழுத்தத்தில் கிடைக்கும் உயரத்தையே.

எம்.எஸ். பக்கம்தான் என்று தெரிந்தால், மாதிரி எதையும் செலுத்தாமல் மீத்தேனை மட்டும் ஓடவிட்டு அதன் அயனிகளைப் பாருங்கள். பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும் என்பது என் அனுபவம். நல்ல நிலையில் 17, 29, 41 ஆகிய மூன்று நிறை எண்களும் தெளிவாக எழுந்து நிற்கும். 19 என்பது புரோட்டான் ஏற்ற நீர்; அது 17இன் பாதிக்கும் குறைவாக இருக்க வேண்டும். 32, அதாவது ஆக்சிஜன், கண்ணில் படவே கூடாது. பட்டால் காற்று கசிகிறது. எலெக்ட்ரானால் நேரடியாக அயனியாக்கும் இ.ஐ. முறையில் பழகியவர்கள் நைட்ரஜனின் நிறையான 28ஐப் பார்த்துக் கசிவு என்று பதறுவதுண்டு. மீத்தேனே அந்த நிறையில் அயனியைத் தரும் என்பதால் இங்கே அந்தப் பழக்கம் உதவாது.

நீர் ஏன் இவ்வளவு கெடுக்கிறது என்பதற்குப் புரோட்டான் நாட்டம், அதாவது ஒரு சேர்மம் புரோட்டானை எவ்வளவு வலுவாகப் பிடித்துக்கொள்ளும் என்பதன் அளவு, விடை சொல்லும். மீத்தேனின் நாட்டம் மோலுக்கு ஏறத்தாழ 544 கிலோஜூல், நீருக்கு 691. எனவே மாதிரிக்குப் போக வேண்டிய புரோட்டானை நீர் இடையிலேயே பறித்துக்கொள்கிறது. 691க்கும் குறைந்த நாட்டமுள்ள சேர்மங்களுக்கு அந்த நீர் அயனி புரோட்டானைத் தருவதில்லை. 882 அளவிலான நாட்டமுள்ள பென்சோஃபீனோன் போன்றவை தாக்குப்பிடிக்கின்றன. எல்லாம் ஒரே விகிதத்தில் குறையாமல் சில சேர்மங்கள் மட்டும் சரிந்திருந்தால் முதலில் ஈரத்தைச் சந்தேகிக்கலாம். ஈரம் பம்ப் ஓட ஓடக் குறையும். கசிவு அப்படிக் குறையாது. ஆகவே இரவு முழுவதும் ஓடவிட்டு 19ஐயும் 32ஐயும் மறுநாள் மீண்டும் குறித்துப் பாருங்கள்.

ஒருமுறை மீத்தேன் சிலிண்டரை மாற்றிய மறுநாளே என் கருவியில் சிக்னல் பாதியாகக் குறைந்தது. 32 எட்டிப் பார்த்தது. ரெகுலேட்டரில் தங்கிய காற்றை வெளியேற்றாமலே இணைப்பைத் திறந்துவிட்டிருந்தேன். குழாயைப் பலமுறை மீத்தேனால் அலசிய பிறகு 32 மறைந்தது. வாயுவின் தூய்மை 99.999 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதும் முக்கியம்.

அடுத்தது மூலத்தினுள் அழுத்தம். 16இலிருந்து 17உம், 15இலிருந்து 29உம் உருவாவது, அந்த அயனிகள் மற்றொரு மீத்தேன் மூலக்கூறுடன் மோதும்போதுதான். மோதல் போதிய அளவு நடக்க, மூலத்தினுள் ஒரு டாருக்கு (அழுத்த அலகு) நெருங்கிய அழுத்தம் வேண்டும். 15உம் 16உம் உயர்ந்து நின்றால் வாயு உள்ளே தங்கவில்லை என்று பொருள். இணைப்புக் குழாயின் நுனியில் பொருத்தும் சிறிய அடைப்பு வளையம் விடுபட்டாலோ தேய்ந்தாலோ இப்படி நேரும்; இ.ஐ. முறையிலிருந்து மாறும்போது அது மேசையிலேயே கிடந்துவிடுவது எங்கும் நடக்கும் கதை. அந்த நிலையில் பென்சோஃபீனோனைச் செலுத்திப் பார்த்தால், புரோட்டான் ஏற்ற முழு மூலக்கூறின் 183 தாழ்ந்து, உடைந்த துண்டின் 105 ஓங்கியிருக்கும். வளையம் சரியாக இருந்தால் மட்டும் வாயு ஓட்டத்தை, வழக்கமான நிமிடத்துக்கு 1 மி.லி.யிலிருந்து சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். அளவுக்கு மீறினாலும் சிக்னல் குறையும்.

எதிர்மின் அயனிகளை அளக்கும் எதிர் அயனி முறையில் ஆக்சிஜனின் தொல்லை இன்னும் பெரிது. ஆலசன் கொண்ட பூச்சிக்கொல்லிகளை அளப்பவர்கள், ஆக்டாஃபுளோரோநாஃப்தலீனின் 272ஐ வாரந்தோறும் குறித்துவைப்பது நல்லது. இந்த முறையில் மூலத்தின் வெப்பநிலை வழக்கமான 150 பாகை செல்சியஸிலிருந்து யாராவது மாற்றிவிட்டிருந்தாலும் அளவுகள் புரண்டுவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் சிக்னல் ஏறாவிட்டால், அப்போது மூலத்தைக் கழற்றலாம். சி.ஐ. மூலத்தில் எலெக்ட்ரான் நுழையும் துளையும் அயனி வெளியேறும் துளையும் மிகச் சிறியவை என்பதால், மெல்லிய கரிப்படிவே அவற்றை அடைத்துவிடும். உலோக ஊசி துளையின் விளிம்பைக் கீறிவிடும் என்பதால், உருண்டையான மரப் பற்குச்சியை மெல்லச் சுழற்றி எடுங்கள். குளோரோஃபார்ம் போன்ற ஆலசன் கரைப்பான்களை அருகில் கொண்டுவராமல், கடைசி அலசலை ஹெக்சேனால் முடியுங்கள். எலெக்ட்ரானை உமிழும் ஃபிலமென்ட் தொய்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடலாம். பூட்டும்போது நுனி வளையம் இடத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு மூடி, பம்பை இரவு முழுவதும் ஓடவிட்டு, 17, 19, 29, 32, 41 ஆகியவற்றின் உயரங்களையும் மின்னழுத்தத்தையும் பதிவேட்டில் எழுதிய பிறகே மாதிரியைச் செலுத்துங்கள்.