படுத்து எழுந்தவர்களுக்குக் கால் பலம் திரும்ப: ஒரு நாற்காலி, ஒரு மஞ்சப்பை, கொஞ்சம் பாசிப்பயறு

போன ஐப்பசியில் அம்மாவுக்கு நிமோனியா. 11 நாள் ஆஸ்பத்திரிக் கட்டில். காய்ச்சலும் இருமலும் போய், எல்லாம் நார்மல் என்று சீட்டு எழுதி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. "காலு எந்திரிக்க மாட்டேங்குதுடா" என்றார். சித்திரையில் அழகரைப் பார்க்க வைகைக்குள் விடிய விடிய நின்ற கால் அது.

வயதாலும் நோயாலும் தசை கரைந்து பலம் குறைவதற்கு சார்கோபீனியா என்று பெயர். இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர் 1989-ல்தான் இந்தப் பெயரையே வைத்தார். தசை 30 வயதுக்குப் பிறகே மெல்லக் குறைய ஆரம்பிக்கிறது. படுக்கையில் கிடந்தால் அந்தக் குறைவு வேகமாகிவிடுகிறது. நோயே இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. நோயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் அளந்துவிடுங்கள்

தையல் டேப், செல்போனில் ஸ்டாப்வாட்ச், ஒரு நாற்காலி போதும். உட்கார்ந்த நிலையில் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றி அளங்கள். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. குறைவாக இருந்தால் சந்தேகப்படலாம் என்பது ஆசிய மருத்துவக் குழுவின் 2019 கணக்கு. கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பாதீர்கள். அடுத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் எச்சரிக்கை. அம்மாவுக்குக் கெண்டைக்கால் 30. ஐந்து முறை எங்கே, கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை.

எடை மிஷினை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். தசை போன இடத்தில் கொழுப்பு உட்கார்ந்துகொண்டால் எடை அப்படியே இருக்கும்.

ஒரு பக்கக் கையோ காலோ மட்டும் திடீரென்று சோர்ந்தால் அது வேறு விஷயம், பக்கவாதமாக இருக்கலாம். அளந்துகொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடுப்பு எலும்பு முறிந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், எழுந்தால் தலை சுற்றுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கீழே சொல்வதைத் தொட வேண்டாம்.

நான் கோட்டை விட்ட இடம்

எல்லோரும் "நடக்க வைங்க" என்றார்கள். நானும் தினமும் அம்மாவை வண்டியூர் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப்போய், சுற்றுச்சுவரை ஒட்டி நடக்க வைத்தேன். ஒரு மாதத்தில் மூச்சிரைப்பு குறைந்தது, பசி வந்தது. ஆனால் சோபாவிலிருந்து எழுவதற்கு அப்போதும் என் கை வேண்டியிருந்தது. நடை இதயத்துக்கு நல்லது, நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் தசைக்குப் பாரம் வேண்டும். தூக்கத் திணறுகிற அளவு பாரம் வந்தால்தான் அது வளரும். 1990-ல் பாஸ்டனில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் எடைப்பயிற்சி கொடுத்தார்கள், அவர்களுக்கே கால் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. அம்மாவுக்கு 68தானே.

சரி, பாரம் எது? அவரவர் உடம்பே முதல் பாரம்.

நாற்காலிப் பயிற்சி

கைப்பிடி உள்ள, ஆடாத நாற்காலி எடுங்கள். சோபா வேண்டாம், புதையும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். டைல்ஸ் தரையில் எங்கள் நாற்காலி பின்னால் வழுக்கி, அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி படவில்லை, நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முதல் ஒரு வாரம் அம்மா முக்கி முனகியும் எழ வரவில்லை. பலம் இல்லை என்றே நினைத்தேன். பக்கத்துத் தெருவில் இருக்கும் இயன்முறை மருத்துவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அம்மாவின் பாதம் முழங்காலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. முதுகு நாற்காலியில் சாய்ந்திருந்தது. அப்படி உட்கார்ந்தால் இருபது வயதுப் பையனும் எழ முடியாது, நீங்களே இப்போது செய்து பாருங்கள். சரியான வரிசை இதுதான்:

இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து வர வேண்டும். பாதங்களை முழங்காலுக்கு நேர் கீழே, முடிந்தால் அதற்கும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனிய வேண்டும். அப்புறம்தான் எழ வேண்டும். குனியும்போது விழுந்துவிடுவோம் என்ற பயத்தில்தான் பெரியவர்கள் பின்னால் சாய்கிறார்கள். அதனால் முதல் சில நாள் எதிரே நின்றுகொள்ளுங்கள், ஆனால் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

உட்காரும்போது தொப்பென்று விழக்கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி இறங்க வேண்டும். மெதுவாக இறங்குவதிலும் தசைக்குப் பாதி வேலை இருக்கிறது. மூச்சை அடக்காமல், எழும்போது வெளியே விடச் சொல்லுங்கள்.

எழவே வராவிட்டால் இருக்கையில் கெட்டியான தலையணை வைத்து உயர்த்துங்கள். 5 முறை, ஓய்வு, மறுபடி 5 முறை. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்க வேண்டும். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். 10 முறை சுலபமாக வந்ததும் தலையணையை எடுத்துவிடுங்கள். அதுவும் சுலபமானால் மஞ்சப்பையில் ஒரு கிலோ அரிசி போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு எழலாம்.

கூடவே சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, கையின் பிடி பலத்துக்கு ஈரத்துண்டைப் பிழிவது. இவற்றில் விளக்க ஒன்றுமில்லை.

கால் மசாஜ் மிஷின், தானாக ஓடும் பெடல் சைக்கிள் வாங்காதீர்கள். மிஷின் வேலை செய்தால் மிஷினுக்குத்தான் பலம். காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் உடற்பயிற்சிக்கு இழுக்கிற ரப்பர் பேண்டு ஒன்று வாங்கலாம். எனக்கு மஞ்சப்பைதான் பிடித்திருக்கிறது.

சாப்பாடு

பாரம் மட்டும் போட்டுப் புரதம் போடாவிட்டால் கொத்தனார் இருந்தும் செங்கல் இல்லாத கதை. நோயிலிருந்து தேறும் முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை. 50 கிலோ அம்மாவுக்கு 60 கிராமாவது வேண்டும். நாங்கள் கொடுத்தது அரிசிக் கஞ்சியும் ரசமும். நாள் முழுக்கக் கூட்டினாலும் 25 தேறாது.

இப்போது காலையில் இட்லி மூன்று, முட்டை இரண்டு. முட்டைக்கு 6 கிராம் வீதம் 12 கிராம். கஞ்சி வேண்டுமென்று அடம்பிடித்தால் பாசிப்பயறும் அரிசியும் சரிபாதி. மதியம் கெட்டிப் பருப்பு, மீன் அல்லது கோழி, தயிர். சாயங்காலம் சுண்டல். இரவு தோசைக்குப் பதில் அடை, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். எல்லாவற்றையும் ஒரே வேளையில் திணிக்காமல் வேளைக்கு 20, 25 கிராமாகப் பிரியுங்கள். வயதான தசை கொஞ்சமாகக் கொடுத்தால் கண்டுகொள்ளாது.

ஆட்டுக்கால் சூப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஜெலட்டின். தசை கட்டத் தேவையான அமினோ அமிலங்களில் டிரிப்டோஃபேன் அதில் அறவே இல்லை. ருசிக்குக் குடியுங்கள், அந்த வேளைப் புரதமாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிறகு சேர்த்தது

சிறுநீரகக் கோளாறு உள்ள அப்பாவுக்கு இந்தப் புரதக் கணக்கு சரியா என்று மேலூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். சரியில்லை. டயாலிசிஸுக்கு வராத சிறுநீரக நோயில் புரதம் கூடினால் கெடுதல், மருத்துவர் சொல்கிற அளவுதான். நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தனியாரில் இயன்முறை சிகிச்சைக்குக் கட்டுப்படியாகவில்லை என்றவர்களுக்கு: பெரியாஸ்பத்திரியில் அதற்கான பிரிவு இருக்கிறது. நடமாட முடியாதவர் என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அம்மாவுக்கு மூன்றாம் மாத முடிவில் 5 முறைக்கு 14 விநாடி. இன்னும் 12-க்குள் வரவில்லை. கெண்டைக்கால் 31.

இன்னொரு திருத்தம். மஞ்சப்பையில் அரிசி வேண்டாம், கல்லுப்புப் பாக்கெட் போடுங்கள். போன வாரம் பயிற்சிக்குப் பையைத் தேடினால் காணோம். அம்மா அதை இட்லிக்கு ஊறப்போட்டிருந்தார்.