மலை இறங்கி பி.இ. படிக்கப் போகிறவர்களுக்கு: கல்லூரிப் பட்டியல் போடுவது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் கோத்தகிரி பிரவுசிங் சென்டரில் அதிகம் காதில் விழுவது, "அண்ணா, எந்த காலேஜ் நல்லது?" என்ற கேள்விதான். யாருக்கு நல்லது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் சில வேலைகளை வரிசையாகச் செய்தால், உங்கள் மார்க்குக்கும் வீட்டு நிலைமைக்கும் எது சரி வரும் என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். நம் நீலகிரி மாவட்டத்துக்குள் கேத்தி சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி இருக்கிறது. மற்றபடி பெரும்பாலானவர்கள் மலை இறங்கித்தான் படிக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: கட்ஆஃப் போடுங்கள்

பி.இ. சேர்க்கைக்கு அரசு நடத்தும் கவுன்சிலிங்கில் ரேங்க் போட எடுத்துக்கொள்ளும் மார்க்தான் கட்ஆஃப். கணக்கு மார்க் அப்படியே 100-க்கு. இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி, அதாவது ஒவ்வொன்றும் 50-க்கு. மொத்தம் 200. கணக்கில் 86, இயற்பியலில் 78, வேதியியலில் 82 என்றால் 86 + 39 + 41 = 166. அவ்வளவுதான். தமிழ், ஆங்கிலம் மார்க் இந்தக் கணக்கில் வராது.

படி 2: எந்தப் பிரிவு?

பெரும்பாலான வீடுகளில் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். குந்தா பக்கத்திலிருந்து ஒரு அப்பா மகளோடு வந்திருந்தார். "பாப்பா கம்ப்யூட்டர்தான் வேணும்ங்குதுங்க, எந்த காலேஜா இருந்தாலும் பரவாயில்லையாம்" என்றார். அந்த "எந்த காலேஜா இருந்தாலும்" என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

பதினேழு வயதில் எதில் ஆர்வம் என்று உறுதியாகத் தெரிந்தால் நல்லது, அதையே எடுங்கள். தெரியாவிட்டால் மெக்கானிக்கல், சிவில், ட்ரிபிள் இ (மின், மின்னணுவியல்), இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்பு), கம்ப்யூட்டர் சயின்ஸ் போன்ற பொதுவான பிரிவு ஒன்றை, கிடைப்பதில் நல்ல கல்லூரியில் எடுப்பதுதான் என் கட்சி. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் முதல் வருடம் பெரும்பகுதி எல்லாருக்கும் ஒன்றுதான்: கணக்கு, இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் புரோகிராமிங் போன்றவை. மெக்கானிக்கல் மாணவரும் புரோகிராமிங் படித்துத்தான் ஆக வேண்டும். கோடிங் பிடித்துப்போனால் எந்தப் பிரிவிலிருந்தும் ஐ.டி. வேலைக்குப் போக வழி இருக்கிறது. சுமாரான கல்லூரியில் ஆசிரியரே இல்லாத புதுப் பெயர்ப் பிரிவில் சேர்ந்துவிட்டால் திரும்பி வருவதுதான் கஷ்டம். அரசு வேலை யோசனை இருந்தால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீட்டிமுழக்கிய புதுப் பட்டங்களுக்கு, அவை பழைய பிரிவுக்கு இணையானவைதான் என்று அரசாணை காட்டச் சொல்வார்கள். சிவில், ட்ரிபிள் இ படித்தவருக்கு அந்த அலைச்சல் இல்லை.

படி 3: போன வருடத்துப் பட்டியலைத் திறங்கள்

கவுன்சிலிங் இணையதளத்திலேயே கல்லூரி வாரியாக, பிரிவு வாரியாக, சமூகப் பிரிவு வாரியாக, கடைசியாக யாருக்கு இடம் கிடைத்தது என்ற விவரம் இருக்கும். அதில் கட்ஆஃப் மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். வினாத்தாள் சுலபமாக வந்த வருடம் எல்லாருக்கும் கட்ஆஃப் ஏறிவிடும்; கஷ்டமாக வந்தால் இறங்கிவிடும். உங்கள் ரேங்க் வந்ததும் அதைப் போன வருடக் கடைசி ரேங்க்கோடு ஒப்பிடுங்கள். அதுதான் ஓரளவு நிலையாக இருக்கும். ரேங்க் வரும்வரை 166 எடுத்தவர் 180-லிருந்து 150 வரை உள்ள கல்லூரிகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

எழுதும்போது பெயரை மட்டும் எழுதாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். கோவையில் பீளமேட்டில் இருப்பது பி.எஸ்.ஜி. டெக், நீலாம்பூரில் இருப்பது பி.எஸ்.ஜி. ஐடெக். இரண்டும் வேறு வேறு கல்லூரிகள். ஒரே கல்லூரிக்குள்ளும் வித்தியாசம் உண்டு. பி.எஸ்.ஜி. டெக், கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (சி.ஐ.டி.), மதுரை தியாகராசர் போன்றவை அரசு உதவி பெறும் கல்லூரிகள். ஆனால் அங்கேயே சுயநிதிப் பிரிவுகளும் நடக்கின்றன, அவற்றின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.எஸ். என்று போட்டிருக்கும். கட்டணம் எங்கேயோ போய்விடும். சாண்ட்விச் என்று போட்டிருந்தால் அது 5 வருடப் படிப்பு. கோவை தடாகம் ரோட்டில் உள்ள ஜி.சி.டி. முழுக்க அரசுக் கல்லூரி. ரேங்க் எட்டினால் யோசிக்காமல் மேலே போடலாம்.

படி 4: கல்லூரியை அலசுங்கள்

விளம்பரத்தில் ஏ.ஐ.சி.டி.இ., நாக், என்.பி.ஏ. என்று வரிசையாக முத்திரை இருக்கும். ஏ.ஐ.சி.டி.இ. என்பது நடத்த அனுமதி மட்டும்தான், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நாக் மொத்தக் கல்லூரிக்கும் தரும் தரச்சான்று. என்.பி.ஏ. தனித்தனிப் பிரிவுக்குத் தருவது. நீங்கள் சேரப்போகும் பிரிவுக்கு அது இருக்கிறதா, இன்னும் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தேர்ச்சி விகிதம். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சியை வெளியிடுகிறது. ஆனால் தன்னாட்சிக் கல்லூரி தானே வினாத்தாள் எடுத்துத் தானே திருத்தும். அதனால் அதன் 90 சதவீதத்தையும் இணைப்புக் கல்லூரியின் 60 சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பயன் இல்லை.

பிளேஸ்மென்ட் கதைக்கு மூன்று கேள்வி போதும். உங்கள் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவாந்தரமான சம்பளம் எவ்வளவு? ஒரே மாணவருக்கு மூன்று கம்பெனி ஆஃபர் வந்தால் அதை மூன்று வேலை என்று எண்ணும் பழக்கம் உண்டு. பேனரில் உள்ள பெரிய சம்பளம் ஒருவருக்குக் கிடைத்தது.

முடிந்தால் வேலை நாளில் நேரில் போய்ப் பாருங்கள். வரவேற்பறையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கேன்டீனில் உட்கார்ந்து இரண்டாம் வருட மாணவர்களிடம் பேசுங்கள். லேபில் மெஷின் ஓடுகிறதா, மேலே தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெண் பிள்ளைகளின் வீட்டார் ஹாஸ்டலையும், மாலை எத்தனை மணிக்குக் கேட் பூட்டுவார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

படி 5: பணக் கணக்கு

6-ம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்களும் இதில் கேட்க வேண்டும். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலிருந்து வரும் பலருக்கு இது பொருந்தும், ஆனால் கடைசி வாரத்தில்தான் ஓடி வருகிறார்கள். அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தனியாக வரும்.

பந்தலூர்க்காரர்களுக்குக் கோவையைவிடக் கேரளாவிலுள்ள சுல்தான் பத்தேரி பக்கம். ஆனால் 7.5 சதவீதமும் முதல் பட்டதாரிச் சலுகையும் தமிழ்நாட்டுக் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

கட்டணத்தோடு ஹாஸ்டல், மெஸ், காலேஜ் பஸ் எல்லாவற்றையும் கூட்டி நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

படி 6: வரிசைப்படுத்துங்கள்

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கவுன்சிலிங் இணையதளத்தில் உங்கள் சாய்ஸ்களை, அதாவது எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு என்பதை, வரிசையாக ஏற்ற வேண்டும். அங்கே உள்ள கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே பார்க்கும். உங்கள் முறை வரும்போது காலியாக உள்ள முதல் சாய்ஸைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதனால் "கிடைக்குமா" என்று யோசித்து வரிசை போடக் கூடாது. எது அதிகம் பிடித்திருக்கிறதோ அது மேலே. கிடைக்காத பெரிய கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ளது கைநழுவாது. குந்தாக்காரர் மகள் முதலில் எழுதி வந்தது எட்டே எட்டு, எல்லாம் கம்ப்யூட்டர். இ.சி.இ., ட்ரிபிள் இ சேர்த்து, நல்ல கல்லூரிகளை மேலே ஏற்றியபோது பட்டியல் நாற்பதைத் தாண்டியது. நிறையப் போடுவதால் நஷ்டம் இல்லை. சேரவே மாட்டேன் என்கிற கல்லூரியை மட்டும் எங்கேயும் போடாதீர்கள்.

சாய்ஸ் பூட்ட சில நாள்தான் அவகாசம். அது நம் ஊரில் காற்றும் மழையுமாக இருக்கும் காலம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அப்படி இல்லாவிட்டாலும் கூடலூர், பந்தலூர் பக்கம் மரம் விழுந்தால் கரண்டும் போகும், டவரும் போகும். முதல் நாளே ஏற்றிப் பூட்டிவிடுங்கள். ஓ.டி.பி. வரும் போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

படி 7: இடம் வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்குக் காத்திருக்கலாம். கடைசியாகச் சொன்னதை எடுத்தால், மேலே உள்ளது கிடைத்த நொடியில் பழைய இடம் போய்விடும். "பழையதே பரவாயில்லை" என்று திரும்ப முடியாது. எதைத் தேர்ந்தாலும் குறித்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும்; இடத்தை ஏற்றவர்கள் பணமும் கட்டியாக வேண்டும். விட்டால் இடமும் போகும்.

இந்த நேரத்தில் "மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தரேன்" என்று ஏஜென்ட் போன் வரும். ஒரிஜினல் சான்றிதழை யாரிடமும் கொடுக்காதீர்கள், அட்வான்ஸும் கூடாது. சேரும் நாளுக்கு முன் எல்லாச் சான்றிதழையும் ஸ்கேன் செய்து மெயிலில் போட்டுவிட்டு, நாலைந்து செட் ஜெராக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் இரண்டு ஸ்வெட்டருக்குப் பதில் ஒரு கொசுவலை வையுங்கள்.