கற்பனை உலகத்துக்குப் பேரேரி வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கதைக்காகவோ விளையாட்டுக்காகவோ சொந்தமாக ஓர் உலகத்தை உருவாக்குகிறவர்கள், மலையும் காடும் போட்டபின் மிஞ்சும் வெற்றிடத்தை நீல நிறத்தால் நிரப்பி ‘நன்னீர்ப் பேரேரி’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வரையாதீர்கள். தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று முதலில் முடிவு பண்ணுங்கள், கரையை அப்புறம் போடலாம்.

அதிகம் பேர் விடும் தவறு, ஒரே ஏரியிலிருந்து திசைக்கொரு ஆற்றைக் கடலுக்கு ஓட விடுவது. கரையில் எந்த இடம் மிகத் தாழ்ந்திருக்கிறதோ அங்கேதான் தண்ணீர் வழியும், வழிய வழிய அந்த இடத்தை அரித்து இன்னும் தாழ்த்தும், அதனால் தண்ணீர் வெளியேற இரண்டாவது வாசல் இருந்தாலும் பெரும்பாலும் நாளடைவில் வறண்டுபோகும். ரஷ்யாவின் பைக்கால் ஏரியில் 300க்கும் மேற்பட்ட ஆறுகளும் ஓடைகளும் வந்து விழுகின்றன, வெளியேறுவது அங்காரா ஆறு ஒன்றுதான். இரண்டு திசையில் ஆறு வேண்டுமென்றால் நடுவில் மலைமுகடு வையுங்கள். நம்ம இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கத்தில் முகட்டின் ஒரு சரிவில் பெய்யும் மழை காசல்ரீ நீர்த்தேக்கம் வழியாகக் களனி ஆற்றில் சேர்ந்து கொழும்புக்குப் போகிறது, மறுசரிவில் பெய்வது மகாவலி ஆற்றோடு திருகோணமலைப் பக்கம் போய்விடுகிறது.

சரி, வாசலே வைக்காவிட்டால்? வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் தங்கிவிடும். காஸ்பியனும் சாக்கடலும் அப்படி உப்பானவைதான். ஆப்பிரிக்காவின் சாட் ஏரி மாதிரி நிலத்தடியில் கசிந்து போக வழியிருந்தால் உப்பாகாமல் தப்பலாம்.

மலையகத்தில் வளர்ந்தவர்கள் வரையும் ஏரிகளில் இன்னொரு தவறு வருகிறது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, விரல்களை விரித்த கை போலக் கிளை கிளையாகப் போகும் கரைதான் அழகாகத் தெரியும். ஆனால் அது 1960களில் அணை கட்டி மூழ்கடித்த பள்ளத்தாக்கின் வடிவம். மவுஸ்ஸாக்கலையில் நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலத்தில் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் சேற்றுக்கு மேலே எழுந்து நிற்கும், ஊர்ச்சனம் நடந்துபோய்ப் பார்க்கும். உங்கள் வரைபடத்திலும் அந்த வடிவம் வேண்டுமென்றால் பள்ளத்தாக்கை எது மறித்தது என்று சொல்லியாக வேண்டும். அணையே தேவையில்லை, மண்சரிவு போதும்: 1911இல் பாமீர் மலையில் நிலநடுக்கத்தால் சரிந்த மலை ஓர் ஆற்றை அடைத்ததால் உருவான சாரெஸ் ஏரி 500 மீட்டர் ஆழம். நிலம் பிளந்து உண்டான ஏரி என்றால் ஆப்பிரிக்காவின் தங்கனீக்கா மாதிரி நீண்டு, ஒடுங்கி, படுஆழமாக இருக்கும். பனிப்பாறை குடைந்த ஏரி என்றால் அந்த நாட்டில் ஒருகாலத்தில் பனி மூடிக் கிடந்திருக்க வேண்டும்.

பரப்பு பெரிதானால் ஆழமும் பெரிது என்று எழுதாதீர்கள். விக்டோரியா ஏரி பரப்பில் பைக்காலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஆழமோ சுமார் 80 மீட்டர்தான். பைக்கால் 1,642 மீட்டர். ஆழம் குறைந்த ஏரியில் புயல் அடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு வட அமெரிக்காவின் ஈரி ஏரியைப் பாருங்கள், காற்று தண்ணீரை ஒரு முனைக்குத் தள்ள, அங்கே மீட்டர் கணக்கில் மட்டம் ஏறும், மறுமுனையில் படகுகள் தரைதட்டும். கதைக்கு இதைவிட நல்ல ஆபத்து எங்கே கிடைக்கும்?

அடுத்தடுத்து ஏரிகளை வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றின் உயரத்தையும் எழுதி வையுங்கள். ஈரிக்கும் அடுத்துள்ள ஒன்ராறியோ ஏரிக்கும் இடையே கிட்டத்தட்ட 100 மீட்டர் இறக்கம், அதில்தான் நயாகரா விழுகிறது. உங்கள் மாலுமி அங்கே கப்பலை ஓட்டிக்கொண்டு போக முடியாது, சரக்கை இறக்கிச் சுமந்துபோக வேண்டும், இல்லாவிட்டால் யாராவது கால்வாய் வெட்டிப் கப்பலைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் மதகுகள் கட்ட வேண்டும்.