போர்க்கால விமானக் குறிப்புகளைப் புரிந்து படிக்க

இரண்டாம் உலகப் போர் விமானிகளின் குறிப்பேட்டையோ ரேடியோ உரையாடலையோ கையில் எடுத்தால், சுருக்கெழுத்தைத் தேடுவதற்கு முன்னால் அது எந்த நாட்டுப் படை, எந்த வருடம் என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவில் 'பி' (ஆங்கில எழுத்து P) என்றால் சண்டை விமானம், 1948இல் அது 'எஃப்' ஆனது, அதனால் உலகப் போரில் பி-51 என்று இருந்த மஸ்டாங் கொரியப் போர்க் குறிப்புகளில் எஃப்-51 என்று வரும், இரண்டும் ஒரே விமானம்தான்.

சரி, பிரிட்டிஷ் ரேடியோவுக்கு வருவோம். "வெக்டர் 120, ஏஞ்சல்ஸ் 15" என்று இருந்தால் திசைகாட்டியில் 120 டிகிரி, உயரம் 15 ஆயிரம் அடி. 'பேண்டிட்' எதிரி விமானம் என்று உறுதியானது, 'போகி' யாருடையது என்று தெரியாதது. இந்த இரண்டை மட்டும் கலக்காதீர்கள், ஏனென்றால் சொந்தப் படை விமானத்தையே சுட்டுவிடாமல் இருக்க இந்த வித்தியாசம் உயிர்நாடி. 'பஸ்டர்' முழு வேகம், 'பேன்கேக்' தரையிறங்கு, 'டாலிஹோ' எதிரி கண்ணில் பட்டுவிட்டான்.

அப்புறம் பசிபிக் போர்முனை. ஜப்பானிய விமானங்களுக்கு நேச நாடுகள் சூட்டிய பெயர்களில் சண்டை விமானத்துக்கு ஆண் பெயர், குண்டுவீச்சு விமானத்துக்குப் பெண் பெயர். 'ஜீக்' (Zeke), 'பெட்டி' (Betty) என்று படித்தால் யாரோ ஆட்கள் என்று நினைக்க வேண்டாம். ஜீரோ என்று நமக்குப் பழக்கமான மிட்சுபிஷி ஏ6எம்தான் அந்த ஜீக்.