சொந்த விமானத்துக்குக் காப்பீடு: கொட்டேஷன் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் சின்ன விமானம் வாங்குவது கோடீஸ்வரர்கள் மட்டும் செய்கிற காரியம் இல்லை. பழைய செஸ்னா 172 ஒன்றை மூன்று பேர் சேர்ந்து வாங்கினால், ஆளுக்கு ஒரு நல்ல கார் வாங்கும் செலவுதான். டெக்சஸில் நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். எஞ்சினைப் பார்த்தோம், பராமரிப்புப் பதிவுகளைப் புரட்டினோம், இறக்கைக்கு அடியில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். காப்பீட்டுக்கு மட்டும் ஒரு ராத்திரி அரை மணி நேரம் ஒதுக்கினேன். அந்த அரை மணி நேரத்திலேயே இரண்டு தவறுகள் செய்துவிட்டேன்.

முதல் தவறு, கார் காப்பீடு மாதிரி நினைத்து ஒரே நாளில் மூன்று புரோக்கர்களிடம் விலை கேட்டது. நிறைய பேரிடம் கேட்டால் விலை குறையும் என்பது நம் எல்லோருக்கும் ஊறிப்போன எண்ணம். விமானக் காப்பீட்டில் அது எடுபடாது. இந்த ரிஸ்க்கை ஏற்கும் கம்பெனிகளே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. எல்லாப் புரோக்கர்களும் போய் நிற்பது பெரும்பாலும் அதே வாசல்களில்தான். விமானத்தின் பதிவு எண்ணோடு முதலில் வருகிற புரோக்கருக்குத்தான் கம்பெனி விலை சொல்லும். அடுத்தவர் கேட்டால், ‘இது ஏற்கெனவே வேறொருவர் கையில் இருக்கிறது’ என்று கதவு சாத்தப்படும். மாற்ற வேண்டுமானால், ‘இனி இவர்தான் என் புரோக்கர்’ என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். எனக்கு வாய்த்த முதல் புரோக்கர் ஒரு கேள்விகூடக் கேட்காமல் படிவத்தை அனுப்பியவர். அதனால், முதலில் புரோக்கரைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் விலை கேளுங்கள். உங்கள் ரக விமானங்களை நிறையக் கையாண்டவரா, எந்தெந்தக் கம்பெனிகளை அணுகப் போகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். புரோக்கர் இல்லாமல் நேரடியாக விற்கும் கம்பெனியும் உண்டு. அதைத் தனியாக நீங்களே விசாரிக்கலாம்.

இரண்டாவது தவறு, பறந்த மணிக்கணக்கை உத்தேசமாகச் சொன்னது. போனில் கேட்டபோது ‘சுமார் 250’ என்றேன். அடுத்த வாரம் சாப்பாட்டு மேசையில் லாக்புக்கை விரித்து, பக்கம் பக்கமாகப் பென்சிலால் கூட்டிப் பார்த்தால் 212. ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்துக்கு இரண்டு முறை கொண்டுபோயிருந்தேன். சிமுலேட்டரில் உட்கார்ந்த நேரமும் அதில் கலந்திருந்தது. 38 மணி நேரம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் விலையும் நிபந்தனையும் விண்ணப்பப் படிவத்தின் கட்டங்களில் இருக்கும் எண்களை வைத்துத்தான் முடிவாகின்றன. மொத்த மணி நேரம், இதே ரக விமானத்தில் எவ்வளவு, சக்கரம் மடங்கும் விமானத்தில் எவ்வளவு, கடந்த 12 மாதத்தில் எவ்வளவு, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி உண்டா என்று ஒவ்வொன்றும் தனிக் கட்டம். விபத்து நடந்தால் லாக்புக்கைக் கேட்பார்கள். மருத்துவச் சான்றுக்காக எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பு) படிவத்தில் நீங்களே எழுதிக் கொடுத்த மணிக்கணக்கும் பதிவில் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், கிளைம் கேட்டு நிற்கிற நேரத்தில் நம் வார்த்தைக்கு மதிப்பு இருக்காது.

குறைத்துச் சொல்வதும் தவறுதான், அது நம் பணத்தைத் தின்னும். எங்கள் பங்குதாரர் ஒருவர் எப்போதோ பைப்பர் ஏரோ என்ற சக்கரம் மடங்கும் விமானத்தில் 15 மணி நேரம் பயிற்சி எடுத்ததை மறந்தே போயிருந்தார். சக்கரம் மடங்கும் விமானத்துக்குக் கொட்டேஷன் கேட்பவருக்கு அந்தக் கட்டத்தில் 0 இருப்பதற்கும் 15 இருப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. தனியாகப் பறக்கும் முன் பயிற்றுநரோடு எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும் என்ற நிபந்தனைகூட அதனால் மாறலாம்.

எல்லாவற்றையும் விட அதிகம் யோசிக்க வேண்டியது விமானத்தின் மதிப்பு. காருக்கு விபத்து நாளன்று சந்தை விலை என்னவோ அதைப் பார்ப்பார்கள். விமானப் பாலிசிகள் பெரும்பாலும் அப்படி இல்லை. ஆரம்பத்திலேயே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகை ஒன்று எழுதப்படும், விமானம் முழுசாகப் போனால் அதுதான் கிடைக்கும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க அந்தத் தொகையைக் குறைத்துப் போடுகிறவர்கள் நிறைய பேர். இது எவ்வளவு ஆபத்து என்பதை ஓர் உதாரணக் கணக்கில் பாருங்கள். சந்தையில் 1,10,000 டாலர் போகும் மூனி விமானத்தை 70,000 டாலருக்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள். ஒருநாள் சக்கரத்தை இறக்க மறந்து தரையிறங்கிவிட்டீர்கள். யாருக்கும் காயமில்லை. ஆனால் புரொப்பெல்லர் வளைந்துவிட்டது, அது தரையில் அடித்ததால் எஞ்சினைப் பிரித்துச் சோதிக்க வேண்டும், வயிற்றுப் பக்கத் தகடும் கிழிந்திருக்கிறது. பழுதுபார்க்க 55,000 டாலர் ஆகும் என்கிறார் மெக்கானிக். கம்பெனி என்ன செய்யும்? 55,000 செலவழிப்பதற்குப் பதில் உங்களுக்கு 70,000 கொடுத்து விமானத்தை எடுத்துக்கொள்ளும். அதை அப்படியே 35,000-க்கு விற்றால், அவர்கள் கையை விட்டுப் போவது 35,000 மட்டும். சரிசெய்யக்கூடிய விமானம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. 70,000 டாலரில் அதே மாதிரி இன்னொன்று வாங்கவும் முடியாது.

கூட்டிப் போடுவதும் நல்லதல்ல. இடிந்து நொறுங்கியதைக்கூடக் கம்பெனி பழுதுபார்க்கத்தான் முனையும், நீங்கள் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் வீரெஃப், ஏர்கிராஃப்ட் புளூபுக் போன்ற விலைக் கையேடுகளைப் பாருங்கள், இப்போது விற்பனைக்கு வந்திருக்கும் அதே ரக விமானங்களின் விலையையும் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் முன் மறுபடி பாருங்கள். நடுவில் புது ஆட்டோபைலட் பொருத்தினால் அன்றைக்கே புரோக்கருக்குச் சொல்லி மதிப்பைக் கூட்டுங்கள்.

பிறருக்கு நேரும் பாதிப்புக்கான காப்பீட்டில், ‘10 லட்சம் டாலர்’ என்ற பெரிய எழுத்தைப் பார்த்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ‘ஒரு பயணிக்கு 1 லட்சம்’ என்று இருக்கும். நாலு சீட் விமானத்தில் உங்களைத் தவிர மூன்று பேர். அப்படியானால் உள்ளே இருக்கும் உங்கள் சொந்தபந்தங்களுக்கெல்லாம் சேர்த்து 3 லட்சத்துக்கு மேல் கிடைக்காது. ‘ஒரு பயணிக்கு’ என்பதற்குப் பதில் ‘ஒரு நபருக்கு’ என்று இருந்தால், தரையில் அடிபடுகிறவருக்கும் அதே உச்சவரம்புதான். இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடும்போது இந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். விலைகள் ஏன் வேறுபடுகின்றன என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். உள் வரம்பே இல்லாத பாலிசியும் உண்டு. விலை கூடுதல்தான், எல்லோருக்கும் கொடுக்கவும் மாட்டார்கள். ஆனாலும் கேட்காமல் விடாதீர்கள்.

பாலிசியில் பெயர் குறிப்பிடாத விமானிகள் பற்றிய பிரிவிலும் ஏமாந்துபோகிறார்கள். இத்தனை மணி நேரம் பறந்த எவரும் உங்கள் விமானத்தை ஓட்டலாம் என்று அதில் இருக்கும். நண்பர் அந்தத் தகுதியோடு ஓட்டினால் உங்களுக்குக் காப்பீடு உண்டு. நண்பருக்கும் உண்டு என்று அர்த்தம் இல்லை. உங்களுக்குக் கொடுத்த பணத்தைக் கம்பெனி அவரிடமிருந்து வசூலிக்கப் பார்க்கலாம். அடிக்கடி ஓட்டுகிறவர் என்றால் பெயரைச் சேர்த்தே கொட்டேஷன் கேளுங்கள்.

விமானம் எல்.எல்.சி. என்ற வகை நிறுவனத்தின் பெயரில் இருந்தால் பாலிசியும் அதே பெயரில் இருக்க வேண்டும், பங்குதாரர்கள் எல்லோரையும் சொல்ல வேண்டும். காசு வாங்கிக்கொண்டு யாருக்காவது கற்றுக்கொடுக்கும் எண்ணம் இருந்தால், ‘சொந்த உபயோகம்’ என்று எழுதக் கூடாது. விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கருக்காகக் காத்திருப்போர் பட்டியலில் இருந்துகொண்டே ‘ஹேங்கரில் நிற்கிறது’ என்று எழுதுவதும் தவறு. டெக்சஸில் ஒரு ஆலங்கட்டி மழை போதும், இறக்கை முழுக்கக் குழி குழியாக அம்மை வடு போலாகிவிடும். அப்போது விமானம் எங்கே கட்டிப் போடப்பட்டிருந்தது என்பதுதான் முதல் கேள்வி. மெக்சிகோவுக்குப் பறக்கப் போகிறீர்கள் என்றால் முன்னாலேயே சொல்லுங்கள். அந்த நாடு தன் சட்டப்படி வழங்கப்பட்ட தனிப் பாலிசியைக் கேட்கும்.

கடைசியாக, கொட்டேஷன் வந்தாலே காப்பீடு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ‘சரி, எடுத்துக்கொள்கிறேன்’ என்று நீங்கள் சொல்லி, கம்பெனியின் தற்காலிக உறுதிக் கடிதம் எழுத்தில் கைக்கு வந்த பிறகுதான் அது காப்பீடு. விற்பவர் ஊரிலிருந்து விமானத்தை வீட்டுக்கு ஓட்டி வருகிற முதல் பயணத்தில் இந்த இடைவெளி பலருக்குத் தெரிவதில்லை. நாங்கள் அன்று காலை விமானநிலைய வாசலில் காரை நிறுத்திவிட்டு, கடிதத்தைப் போனில் திறந்து, விமானத்தின் வாலில் எழுதியிருந்த எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டோம். கடிதத்தில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. புரோக்கர் திருத்தி அனுப்ப ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை சாவி என் பையிலேயே இருந்தது.